காந்தப்புலக் கலன்களில் பிளாஸ்மாக் கொந்தளிப்பும் அதனைத் தணிக்கும் சறுக்கு ஓட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

அணுக்கரு இணைவின் வழி ஆற்றல் பெறும் முயற்சியில், பிளாஸ்மாவின் வெப்பம் கொந்தளிப்பினால் வெளியேறிவிடுவது நெடுங்காலத் தடையாக இருந்துவருகிறது. அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகரும் 'சறுக்கு ஓட்டம்' இக்கொந்தளிப்பைத் தணிக்கும் என்பது 1982ஆம் ஆண்டுக்குப் பிந்தைய ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. ஆயின், ஆற்று நீரிலும் வளிமண்டலத்திலும் இதே வேக வேறுபாடு கொந்தளிப்பைத் தோற்றுவிக்கக் காண்கிறோம். ஒரே இயல்பு ஓரிடத்தில் கொந்தளிப்பை எழுப்புவதும் மற்றோரிடத்தில் அடக்குவதும் எவ்வாறு என்னும் வினாவை மையமாகக் கொண்டு, சறுக்கு ஓட்டத்தின் தோற்றம், செயற்படும் முறை, எல்லைகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிளாஸ்மா, அணுக்கரு இணைவு, டோகாமாக், கொந்தளிப்பு, சறுக்கு ஓட்டம், பட்டை ஓட்டம், உயர்தேக்க நிலை, அறிவியல் தமிழ்

1. முன்னுரை

டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் அணுக்கருக்கள் ஒன்றிணைந்து ஹீலியமும் நியூட்ரானும் தோன்றும்போது, ஒவ்வோர் இணைவிலும் 17.6 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. நேர்மின்னூட்டமுடைய இரு அணுக்கருக்கள் தம்முள் விலக்கும் விசையை மீறி நெருங்க வேண்டுமாயின், எரிபொருள் ஏறத்தாழ 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். சூரியனின் மையத்தைப் போல் இது பத்து மடங்கு. இவ்வெப்பநிலையில் எப்பொருளும் அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மாவாகவே இருக்கும். எந்தப் பாத்திரமும் அதனைத் தாங்காது என்பதால், காந்தப்புலமே பாத்திரமாக அமைகின்றது.

எனினும், வெப்பநிலையை எட்டுவது மட்டும் போதாது. துகள் அடர்த்தி, வெப்பநிலை, ஊட்டிய வெப்பம் பிளாஸ்மாவிற்குள் தங்கியிருக்கும் கால அளவு ஆகிய மூன்றன் பெருக்கற்பலன் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் இணைவினை தன்னைத்தானே பேணிக்கொள்ளும். மூன்றாவதாகக் கூறப்பட்ட கால அளவு இக்கட்டுரையில் 'தேக்கக் காலம்' எனப்படுகிறது. அதனைக் குறைப்பது கொந்தளிப்பு. மீட்டுத் தருவது சறுக்கு ஓட்டம். ஆகவே, இணைவு உலையின் பருமனும் செலவும் இவ்விரண்டிற்கும் இடையிலான போட்டியைப் பொறுத்தே அமைகின்றன எனலாம்.

2. கலைச்சொல் விளக்கம்

தமிழ்வழி இயற்பியல் பாடநூல்களில் 'ஷியர்' என்னும் கருத்து 'சறுக்குப் பெயர்ச்சி' எனப் பெயர் பெற்றுள்ளது. சீட்டுக்கட்டின் மேற்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஒவ்வொரு சீட்டும் தனக்குக் கீழுள்ளதன்மீது சற்றே சறுக்குவதை இச்சொல் கண்முன் நிறுத்துகிறது. ஆங்கிலச் சொல்லின் அடிப்பொருளோ கத்தரித்தல் என்பதாகும். பிளாஸ்மாவில் இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. அடுக்குகள் ஒன்றன்மீதொன்று சறுக்குகின்றன. அவற்றுக்குக் குறுக்கே கிடக்கும் சுழிகள் கத்தரிக்கப்படுகின்றன. முன்னது காரணம், பின்னது விளைவு. காரணத்தைச் சுட்டும் தமிழ் வழக்கைப் பின்பற்றி, இங்குச் 'சறுக்கு ஓட்டம்' என்னும் தொடர் ஆளப்படுகிறது. குறித்த தொலைவிற்குள் வேகம் எவ்வளவு மாறுகிறது என்னும் அளவு 'சறுக்கு வீதம்' எனப்படும்.

ஆற்றில் நீர் வட்டமிடும் இடத்தைச் 'சுழி' என்பது நாட்டு வழக்கு. பிளாஸ்மாவில் தோன்றும் வட்டவோட்டங்களுக்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

3. வெப்ப இழப்பும் சுழிகளும்

டோகாமாக் என்பது வளைய வடிவக் கலனாகும். அதனுள் காந்தப்புலக் கோடுகள் வளையத்தைச் சுற்றித் திருகு வடிவில் ஓடி, வெங்காயத்தின் தோல்களைப் போல் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த பரப்புகளை உருவாக்குகின்றன. மின்னூட்டத் துகள் கோட்டின் வழியே தடையின்றி ஓடும். கோட்டிற்குக் குறுக்கே செல்ல முயன்றால் சில மில்லிமீட்டர் ஆரமுடைய சிறு வட்டத்திற்குள் திருப்பப்படும். ஆகவே, ஒரு பரப்பிலிருந்து அடுத்த பரப்பிற்கு வெப்பம் எளிதிற் கசியாது என்றே முதலில் எதிர்பார்க்கப்பட்டது.

துகள்களின் மோதல்களால் மட்டும் எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பதை டோகாமாக்கின் வடிவத்திற்கேற்பக் கணிக்கும் கோட்பாட்டை 1968இல் சோவியத் அறிஞர்களாகிய கலேயெவும் சக்தேயெவும் உருவாக்கினர். ஆய்வுக் கலன்களில் அளந்த இழப்போ அக்கணிப்பினும் மிகுதியாக இருந்தது. இம்மிகை இழப்பிற்குக் காரணம் கொந்தளிப்பு என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கொந்தளிப்பு எழுவதன் காரணம் வெப்பநிலைச் சரிவிலேயே உள்ளது. மையத்தில் பல கோடி டிகிரியும், இரண்டு மீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள சுவரருகே அதன் மிகச் சிறு பங்கும் நிலவும்போது, வெப்பம் சமனடைய வழி தேடும். அடுப்பிலுள்ள உலைநீர் தானே புரளத் தொடங்குவதைப் போல், பிளாஸ்மாவில் சுழிகள் எழுகின்றன. சுழியின் ஒரு பக்கம் வெப்பமான பிளாஸ்மாவை வெளிநோக்கி ஏந்திச் செல்ல, மறுபக்கம் குளிர்ந்ததை உள்நோக்கிக் கொணர்கிறது. அயனிகளின் வெப்பநிலைச் சரிவால் எழும் சுழிகள் அயனியின் வட்ட ஆரத்தைப் போல் சில மடங்கு பெரியவை. மில்லிமீட்டர் முதல் சென்டிமீட்டர் வரையிலானவை. அவற்றின் ஆயுள் மைக்ரோநொடிகளில் அளக்கப்படுவது.

இத்தகைய சுழிகளால் வெப்பம் வெளியேறுவது, இருட்டில் திசையறியாது எட்டுவைத்து நடப்பவனின் பயணத்தை ஒத்தது. ஓர் எட்டின் நீளம் சுழியின் அகலம். எட்டுவைக்கும் கால இடைவெளி சுழியின் ஆயுள். பரவும் வீதம் நீளத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் காலத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். எனவே, ஆயுள் மாறாதிருக்கச் சுழியின் அகலம் பாதியானால் வெப்பம் பரவும் வீதம் நான்கிலொன்றாகும். சுழியை முற்றிலும் ஒழிக்காமல் அதன் அகலத்தைக் குறைப்பதே பெரும்பயன் தரும் என்பது இதனாற் பெறப்படும்.

4. உயர்தேக்க நிலை கண்டறியப்படுதல்

1982இல் செருமனியின் கார்ஷிங் நகரில், மாக்ஸ் பிளாங்க் பிளாஸ்மா இயற்பியல் நிறுவனத்தின் ஆஸ்டெக்ஸ் டோகாமாக்கில் ஃபிரிட்ஸ் வாக்னரும் அவர்தம் குழுவினரும் எதிர்பாராத மாற்றமொன்றைக் கண்டனர். நடுநிலைத் துகள் கற்றைகளால் ஊட்டப்படும் வெப்பத்திறன் ஒரு வரம்பைத் தாண்டியதும், பிளாஸ்மாவின் விளிம்பிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒளி சட்டெனக் குறைந்தது. துகள்கள் வெளியேறுவது குறைந்துவிட்டது என்பதே இதன் பொருள். அடர்த்தியும் வெப்பநிலையும் உயர்ந்தன. தேக்கக் காலம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதுகாறும் அறியப்பட்டிருந்த நிலை தாழ்தேக்க நிலை என்றும், புதியது உயர்தேக்க நிலை என்றும் வேறுபடுத்தப்பட்டன.

இக்கண்டுபிடிப்பில் இரு கூறுகள் ஆய்வாளரை ஈர்த்தன. முதலாவது, மாற்றம் படிப்படியாக நிகழாமல் திடீரென நிகழ்ந்தது. இரண்டாவது, மாற்றத்தின் ஊற்றுக்கண் பிளாஸ்மாவின் விளிம்பில், சில சென்டிமீட்டர் தடிமனே கொண்ட மெல்லிய அடுக்கில் இருந்தது. அவ்வடுக்கு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் அரணாகச் செயற்பட்டது. பிற டோகாமாக்குகளில் மட்டுமன்றி, 1993இல் வெண்டெல்ஸ்டைன் 7-ஏஎஸ் என்னும் ஸ்டெல்லரேட்டர் வகைக் கலனிலும் இந்நிலை எட்டப்பட்டமையால், இது ஒரு கலனின் தனித்தன்மை அன்று, பிளாஸ்மாவின் பொது இயல்பே என்பது உறுதியாயிற்று.

5. மின்புலமும் ஓட்டமும்

அரண் தோன்றுவதற்கான காரணத்தை விளிம்பிலுள்ள மின்புலத்தில் தேடும் கருத்தை 1988இல் ஜப்பானிய அறிஞர்களாகிய சனே இதோ, கிமிதகா இதோ இருவரும் முன்வைத்தனர். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பின், துகள்கள் அவ்விரண்டிற்கும் செங்குத்தான திசையில் நகரும். இந்நகர்வின் வேகம் மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்துப் பெறுவதாகும். துகளின் மின்னூட்டத்தையோ நிறையையோ பொறுத்ததன்று. அயனியும் எலக்ட்ரானும் ஒருங்கே நகர்வதால், பிளாஸ்மா முழுவதும் சுழிகளோடு சேர்ந்தே இழுத்துச் செல்லப்படுகிறது. மின்புலம் இடத்திற்கிடம் மாறினால் நகர்வின் வேகமும் மாறும். அதுவே சறுக்கு ஓட்டம்.

இக்கருத்திற்கு ஆய்வுச் சான்றுகள் விரைவில் கிடைத்தன. 1989இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்த சி.சி.டி. டோகாமாக்கில், டெய்லரும் குழுவினரும் பிளாஸ்மாவின் விளிம்பினுள் ஒரு மின்முனையைச் செருகி மின்னோட்டம் செலுத்தியபோது உயர்தேக்க நிலையை ஒத்த நிலை தோன்றியது. மின்புலம் உயர்தேக்க நிலையின் துணைவிளைவு மட்டுமன்று, அதனைத் தோற்றுவிக்க வல்லது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. 1990இல் அமெரிக்காவின் டி-3-டி கலனிலும் ஜப்பானின் ஜே.எஃப்.டி-2எம் கலனிலும் நிலைமாற்றத்தின்போது விளிம்பின் மின்புலமும் சுழற்சி வேகமும் கூர்மையாக மாறுவது அளந்தறியப்பட்டது.

மாற்றம் திடீரென நிகழ்வதற்கும் இங்கு விளக்கம் கிடைக்கிறது. பிளாஸ்மாவில் ஆரத்திசை மின்புலம், அழுத்தச் சரிவாலும் பிளாஸ்மாவின் சுழற்சியாலும் உண்டாகிறது. சறுக்கு ஓட்டம் வலுப்பெற்றால் கொந்தளிப்பு குறையும். கொந்தளிப்பு குறைந்தால் அழுத்தச் சரிவு செங்குத்தாகும். சரிவு செங்குத்தானால் மின்புலம் வலுக்கும். மின்புலம் வலுத்தால் சறுக்கு ஓட்டம் மேலும் வலுப்பெறும். விளைவே காரணத்தை வளர்க்கும் இச்சங்கிலி ஒருமுறை தொடங்கிவிட்டால், பிளாஸ்மா இடைநிலைகளில் தங்காது புதிய நிலைக்குத் தாவிவிடும்.

6. சுழி சிதைவுறும் முறை

சறுக்கு ஓட்டம் சுழியை எவ்வாறு தாக்குகிறது என்பதற்கான கோட்பாட்டை 1990இல் பிக்லாரி, டயமண்ட், டெர்ரி ஆகியோர் வகுத்தளித்தனர். ஆரத்திசையில் நீண்டு கிடக்கும் சுழியொன்றைக் கொள்வோம். அதன் வெளிமுனையிலுள்ள ஓட்டம் உள்முனையிலுள்ளதைவிட விரைவாக இருப்பின், சுழி முதலிற் சாயும், பின்னர் நீளும், இறுதியில் சிறு துண்டுகளாகச் சிதறும். சாய்ந்த சுழியின் ஆரத்திசை அகலம் குறைவதால் எட்டின் நீளம் சுருங்குகிறது.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். காந்தப்புலம் 2 டெஸ்லா என்றும், விளிம்பில் 1 சென்டிமீட்டர் தொலைவிற்குள் மின்புலம் சுழியத்திலிருந்து மீட்டருக்கு 20,000 வோல்ட் வரை உயர்கிறது என்றும் கொள்வோம். நகர்வு வேகம் சுழியத்திலிருந்து நொடிக்கு 10 கிலோமீட்டராக உயரும். அந்த 1 சென்டிமீட்டரில் குறுக்கே அமைந்த ஒரு சுழி 10 மைக்ரோநொடி வாழுமாயின், அக்காலத்திற்குள் அதன் இரு முனைகளும் 10 சென்டிமீட்டர் விலகிவிட வேண்டும். அஃதாவது, தன் அகலத்தைப் போல் பத்து மடங்கு. எச்சுழியும் இவ்விழுப்பிற்குத் தாங்காது.

இதனின்று பெறப்படும் விதி எளிது: சறுக்கு வீதம், சுழி வளரும் வீதத்தினும் மிகுந்தால் கொந்தளிப்பு அடங்கும். வால்ட்ஸ் முதலியோர் 1994இல் கணினிக் கணிப்புகளின் வழி இவ்விதியை எடுத்துக்காட்டினர். இது துல்லியமான சமன்பாடன்று. அளவுக் குறிப்பே ஆகும். ஆயினும், வெவ்வேறு கலன்களின் முடிவுகளை ஒப்பிட உதவும் உரைகல்லாக விளங்குகிறது.

சுழிகள் சிறுப்பதோடு வேறொரு விளைவும் உண்டு. வெப்பம் வெளியேற வேண்டுமாயின், வெப்பநிலை ஏறியிருக்கும் இடத்தில் ஓட்டம் வெளிநோக்கியும், இறங்கியிருக்கும் இடத்தில் உள்நோக்கியும் இருத்தல் வேண்டும். சறுக்கு ஓட்டம் இவ்விரு அலைவுகளின் ஒத்திசைவைக் குலைக்கிறது. அலைவுகள் எஞ்சியிருப்பினும் அவை ஏந்திச் செல்லும் வெப்பம் குறைகிறது.

7. நீரோட்டத்தினின்று பிளாஸ்மா வேறுபடுமாறு

வேகம் வேறுபட்ட இரு பாய்ம அடுக்குகளின் எல்லையில் அலைகள் எழுந்து சுழிகளாக உருள்வதை ஹெல்ம்ஹோல்ட்சும் கெல்வினும் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினர். காற்று வீசும் நீர்ப்பரப்பில் அலை எழுவதற்கு இது அடிப்படை. வேக வேறுபாடு அங்குக் கொந்தளிப்பை எழுப்புகிறது. பிளாஸ்மாவில் அது எதிர்மாறாகச் செயற்படுவதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதற்காரணம், ஆற்றலின் ஊற்று வேறுபடுவது. நீரோட்டத்தில் சுழிகளுக்கு உணவாவது வேக வேறுபாடே. காந்தக் கலனில் அவற்றிற்கு உணவாவது வெப்பநிலை, அடர்த்தி ஆகியவற்றின் சரிவு. சறுக்கு ஓட்டம் அங்கு ஊட்டுவதில்லை. வேறோர் ஊற்றில் உண்டு வளர்ந்த சுழியைச் சிதைக்க மட்டுமே செய்கிறது.

இரண்டாவது காரணம், காந்தப்புலக் கோடுகளின் திருகு பரப்புக்குப் பரப்பு மாறுபடுவது. வேக வேறுபாட்டினால் எழ முயலும் அலை பல பரப்புகளைக் கடந்து பரவ வேண்டும். ஒவ்வொரு பரப்பிலும் கோடுகளின் திசை வேறாக இருப்பதால் அவ்வலை ஒருங்கிணைந்து வளர இயலாது. ஆதலின், ஹெல்ம்ஹோல்ட்ஸ்-கெல்வின் வகைக் கொந்தளிப்பு பெரிதும் முடக்கப்படுகிறது.

மூன்றாவது காரணம், சுழியும் சறுக்கு ஓட்டமும் ஒன்றாயிருக்கும் கால அளவு. பாலத் தூணைக் கடக்கும் ஆற்றுநீரில் சுழி விரைவில் அடித்துச் செல்லப்பட்டு, சறுக்குப் பகுதியை விட்டு நீங்கிவிடும். வளையக் கலனிலோ ஓட்டம் மூடிய பரப்பின்மேல் மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. சுழி தப்பிச் செல்ல வழியின்றி, சிதையும் வரை சறுக்குப் பகுதிக்குள்ளேயே கிடக்கிறது.

எனினும், பிளாஸ்மாவில் எல்லா வேக வேறுபாடும் நன்மை செய்யும் எனக் கருதுதல் பொருந்தாது. மேற்கூறிய பயன் காந்தப்புலத்திற்குக் குறுக்கான ஓட்டத்திற்கே உரியது. காந்தக் கோட்டின் வழியே ஓடும் ஓட்டத்தில் வேக வேறுபாடு மிகுந்தால், அதுவே புதிய கொந்தளிப்பிற்கு உணவாகக்கூடும். ஆகவே, ஓட்டத்தின் திசை அறியாமல் அதன் பயனை மதிப்பிட இயலாது.

8. கொந்தளிப்பு ஈனும் ஓட்டம்

சறுக்கு ஓட்டத்தை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும் என்பதில்லை. கொந்தளிப்பே அதனைத் தோற்றுவிக்கிறது. சற்றே சாய்ந்த சுழிகள் உந்தத்தை ஒரு திசையில் கொண்டு சேர்க்கின்றன. பாய்ம இயக்கவியலில் ரெனால்ட்ஸ் தகைவு எனப்படும் இவ்விளைவால், சிறு சுழிகளின் ஆற்றல் பெரிய ஓட்டமாகத் திரள்கிறது. அவ்வோட்டம் காந்தப் பரப்பின் மீது ஒருசீராகவும், ஆரத்திசையில் மாறிமாறி எதிரெதிராகவும் அமையும். வியாழக் கோளின் முகத்தில் காணப்படும் பட்டைகளின் ஓட்டமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இதனைப் பட்டை ஓட்டம் எனலாம்.

பட்டை ஓட்டத்திற்கு ஓர் அரிய சிறப்புண்டு. அது பரப்பு முழுதும் ஒருசீராக ஓடுவதால், வெப்பத்தை வெளிநோக்கி ஏந்திச் செல்லும் ஆற்றல் அதற்கில்லை. சுழிகளிடமிருந்து ஆற்றலைப் பெற்று, அவற்றையே சிதைத்து, தான் எத்தீங்கும் விளைக்காமல் நிற்கிறது. புல் பெருகினால் மான் பெருகும், மான் பெருகினால் புல் குறையும் என்னும் சூழலியல் உறவை இதனோடு ஒப்பிடலாம். புல் கொந்தளிப்பு, மான் பட்டை ஓட்டம். இவ்வுறவின் அடிப்படையில் நிலைமாற்றத்தை விளக்கும் மாதிரியை டயமண்டும் அவருடன் பணியாற்றியோரும் 1994இல் அமைத்தனர்.

1998இல் லின் முதலியோர் மேற்கொண்ட பெருங்கணினி உருவகிப்பு இதற்கு வலுவூட்டியது. பட்டை ஓட்டத்தைக் கணக்கிலிருந்து வேண்டுமென்றே நீக்கியபோது சுழிகள் ஆரத்திசையில் நீண்டு, வெப்ப இழப்பு மிகுந்தது. அதனை அனுமதித்தபோது சுழிகள் துண்டாடப்பட்டு இழப்பு குறைந்தது. 2000ஆம் ஆண்டில் டிமிட்சும் பிறரும் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. சுழிகள் எழுவதற்கான வெப்பநிலைச் சரிவின் வரம்பைச் சற்றுத் தாண்டிய பின்னரும், பட்டை ஓட்டம் கொந்தளிப்பை ஏறக்குறைய முற்றிலும் அடக்கிவைக்கிறது. கணினியிற் கண்ட இவ்வோட்டத்தை உண்மைக் கலனில் காண்பது எளிதாக இருக்கவில்லை. ஜப்பானின் தோகி நகரிலிருந்த சி.எச்.எஸ். கலனில், அயனிக் கற்றை ஆய்வுக் கருவிகள் இரண்டைத் தனித்தனி இடங்களில் பொருத்தி, இரு இடங்களிலும் மின்புலம் ஒத்து அசைவதை ஃபுஜிசாவாவும் குழுவினரும் 2004இல் நிறுவினர்.

9. பயன்பாடும் எல்லைகளும்

சறுக்கு ஓட்டத்தின் பயன் விளிம்போடு நின்றுவிடவில்லை. 1995இல் அமெரிக்காவின் டி.எஃப்.டி.ஆர்., டி-3-டி ஆகிய கலன்களில், காந்தக் கோடுகளின் திருகு மையப்பகுதியில் வழக்கத்திற்கு மாறாக அமையுமாறு செய்தபோது, பிளாஸ்மாவின் உட்பகுதியிலேயே வெப்பத் தடையரண் தோன்றியது. கோடுகளின் திருகு சுழிகளின் வளர்ச்சியைக் குறைக்க, சறுக்கு ஓட்டம் எஞ்சியவற்றைச் சிதைத்தது.

பிரான்சின் கடராஷ் பகுதியில் இந்தியா உட்பட ஏழு தரப்பினர் இணைந்து அமைத்துவரும் ஐட்டர் கலனின் இலக்கு, 50 மெகாவாட் வெப்பத்திறனை ஊட்டி 500 மெகாவாட் இணைவுத் திறன் பெறுவதாகும். வளையத்தின் பெரிய ஆரம் 6.2 மீட்டர். இவ்வளவுகள் யாவும் உயர்தேக்க நிலை எட்டப்படும் என்னும் அடிப்படையிலேயே வகுக்கப்பட்டவை. தாழ்தேக்க நிலையிலேயே அதே இலக்கை அடைய வேண்டுமாயின், இன்னும் பெரிய கலன் தேவைப்படும்.

இங்கு மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன. முதலாவது, இன்றைய கலன்களில் நடுநிலைத் துகள் கற்றைகள் வெப்பத்தோடு சுழற்சியையும் ஊட்டுகின்றன. கலன் பெரிதாகும்போது பிளாஸ்மாவின் நிறைக்கு ஒப்ப அவ்வுந்தம் சிறுத்துவிடும். ஆதலின், அழுத்தச் சரிவால் தானே அமையும் மின்புலத்தையும் பட்டை ஓட்டத்தையுமே பெரிதும் நம்பியிருக்க வேண்டும். இரண்டாவது, விளிம்பின் அழுத்தச் சரிவு அளவு கடந்து செங்குத்தாகும்போது பிளாஸ்மாவின் விளிம்பு விட்டுவிட்டு வெடித்து, வெப்பத்தைச் சுவர்மீது கொட்டுகிறது. தேக்கும் அணை உயர உயர உடைப்பின் வேகமும் மிகுவதைப் போன்றது இது. மூன்றாவது, அரண் நல்லதையும் அல்லதையும் பிரித்தறிவதில்லை. இணைவில் விளையும் ஹீலியச் சாம்பலும் சுவரிலிருந்து வரும் மாசுகளும் உள்ளே தங்கினால் எரிபொருள் நீர்த்துவிடும். ஆகவே, கொந்தளிப்பை அளவோடு அடக்குவதே பயன் தரும். அறவே ஒழிப்பது அன்று.

10. முடிவுரை

பிளாஸ்மாவின் வெப்பம் வெளியேறுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பநிலைச் சரிவால் எழும் சுழிகள் என்பதும், காந்தப்புலத்திற்குக் குறுக்கான சறுக்கு ஓட்டம் அச்சுழிகளைச் சாய்த்து, நீட்டி, சிதைத்து வெப்ப இழப்பைக் குறைக்கிறது என்பதும் இவ்வாய்வால் விளங்கும். நீரோட்டத்தில் கொந்தளிப்பை எழுப்பும் வேக வேறுபாடு காந்தக் கலனில் அதனை அடக்குவது இயற்கையின் முரண் அன்று. சுழிகளுக்கு உணவு எங்கிருந்து வருகிறது, வேக வேறுபாட்டால் எழும் அலைகளைக் காந்தக் கோடுகள் எவ்வாறு முடக்குகின்றன, சுழி எவ்வளவு காலம் ஓட்டத்திற்குள் சிக்கியிருக்கிறது என்னும் மூன்றன் வேறுபாடே அதற்குக் காரணம். பட்டை ஓட்டத்தின் வழிக் கொந்தளிப்பு தனக்குத் தானே கடிவாளமிட்டுக்கொள்கிறது என்பது இத்துறை கண்ட முடிவுகளுள் தலையாயது. வெளியுந்தம் குன்றிய பெருங்கலனில் அக்கடிவாளம் போதுமானதாக அமையுமா என்பதைப் பொறுத்தே நாளைய இணைவு உலையின் பருமன் உறுதியாகும்.